பெயின்ட்டரின் அரை மணி நேரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் திருடியது. என் அண்ணி தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். வேலையைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "அந்த மனுஷன் திணறினதுக்குக் காரணம் நுரையீரல் மட்டும் இல்ல, வீட்டுக்காரம்மா மூஞ்சியும்தான்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

2

முதல் தொடக்கம்: 'வெண்டிலேட்டர் ஒரு கடலைப் போல…'

(வேண்டாம். அது இடுப்புயரப் பெட்டி. கடலுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது.)

இரண்டாவது: அவர் பெயின்ட்டர். முப்பது வருடம் சுவர் சுரண்டிய தூசியும் சிகரெட்டுமாக நுரையீரல் ஏற்கெனவே பாதி போயிருந்தது. அதன்மேல் நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. பன்னிரண்டு நாட்களாக வாய் வழியே குழாய், குழாயின் மறுமுனையில் இயந்திரம். பேச முடியாது. மயக்க மருந்தைக் குறைத்தால் கண் திறப்பார்.

இது இருக்கட்டும்.

3

அவர் மனைவி தையல்காரர். முதலில் அவரை மகா தைரியசாலியாக எழுதியிருந்தேன். அண்ணி படித்துவிட்டு, இவ்வளவு தைரியம் இருந்திருந்தால் எங்களுக்கு என்ன பிரச்சினை என்றார். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

உண்மையில் அந்த அம்மாவுக்கு மனதில் இருப்பதெல்லாம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். சட்டையின் தோள் சரியாக உட்காரவில்லை என்பதை வாடிக்கையாளருக்கு முன்பே இவர் முகம் சொல்லிவிடும். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கதை இப்படி இழுக்கிறது.

4

காலையில் ஒரு சோதனை உண்டு. இயந்திரத்தின் உதவியைக் குறைத்து, அரை மணி நேரம் நோயாளியையே மூச்சு விடச் சொல்வார்கள். தாக்குப்பிடித்தால் குழாயை எடுக்கலாம். பெயின்ட்டர் இரண்டு முறை தோற்றிருந்தார். இன்றும் தோற்றால் நாளை கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள்.

(கழுத்தில் துளை போடுவது உலக முடிவல்ல, பலர் அதிலிருந்து நன்றாகத் தேறி வீட்டுக்குப் போகிறார்கள் என்று சேர்க்கச் சொல்லி அண்ணி திட்டினார். சேர்த்துவிட்டேன். ஆனால் கழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மாவின் கை தன் கழுத்துக்குப் போனது.)

இரண்டு முறையும் நடந்ததை அண்ணி கவனித்திருந்தார். அம்மா மானிட்டரைப் பார்க்கிறார். மூச்சைக் கணக்கிடும் எண் கொஞ்சம் ஏறுகிறது. அம்மாவின் முகம் வெளிறுகிறது. கணவர் அந்த முகத்தைப் பார்க்கிறார். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வேகமாக இழுக்கிறார். எண் மேலும் ஏறுகிறது.

மூன்றாம் நாள் அண்ணி அந்த அம்மாவைத் தனியே அழைத்து விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னார்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் வெளிய இருக்கீங்களா?"

அம்மா கட்டில் பக்கம் திரும்பினார்.

"முப்பது வருஷமா அவர் மூஞ்சியை நானும் என் மூஞ்சியை அவரும் பார்த்துத்தான் சிஸ்டர் காலம் தள்ளுறோம். நான் இல்லேன்னா அவர் எதைப் பார்ப்பார்?"

 அண்ணி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஒரு நகவெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அப்ப அவர் கையைப் பாருங்க. தலையை மட்டும் தூக்காதீங்க."

5

எட்டரை மணிக்குச் சோதனை தொடங்கியது. அம்மா மானிட்டருக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டார். பன்னிரண்டு நாள் வளர்ந்த நகம், ஓரங்களில் இன்னும் நீலப் பெயின்ட். ஊசியில் நூல் கோக்கும் அதே கவனத்தோடு கட்டை விரலில் ஆரம்பித்தார். கடைசியாக அடித்த வீட்டுக்கு என்ன கண்றாவி நிறம் இது என்று முனகினார். கணவரின் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் இளகியது.

பத்தாவது நிமிடம், ஒரு கை முடிந்தது. இருபதாவது நிமிடம், அவர் மூச்சு சற்று வேகமானது. பிடித்திருந்த அந்தக் கை வழியே அது அம்மாவுக்கும் தெரிந்தது. தலை நிமிரத் துடித்தது. நிமிரவில்லை.

"சுண்டு விரலைக் கொடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் சுண்டு விரலைத் தானே நீட்டினார்.

6

முடிவு ஒன்று: முப்பதாவது நிமிடம். குழாயை எடுக்கிறார்கள். அவர் கரகரத்த குரலில் முதலில் சொன்னது…

(ஏதோ சொன்னார் என்று எழுத ஆசைதான். கை வரவில்லை.)

முடிவு இரண்டு: இருபத்தேழாவது நிமிடம் டாக்டர் நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தி…

(இதற்கும் கை வரவில்லை.)

அண்ணியிடமே கேட்டேன். "அது அவங்க வீட்டு விஷயம்" என்றார். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் அந்தப் பிரிவில் வேலை பார்த்த முகம், ஒன்றும் தெரியவில்லை.

எனவே இருபத்தாறாவது நிமிடத்தில் நான் எழுந்து வெளியே போகிறேன். எனக்குப் பயம் வந்துவிட்டது, அது முகத்தில் தெரியும். நீங்கள் வேண்டுமானால் இருங்கள், இன்னும் நான்கு நிமிடம்தான். ஆனால் அந்த எண்களைப் பார்க்காதீர்கள். அம்மா குனிந்திருக்கிறார். பெயின்ட்டர் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்.