யோகராசா சொல்லிவிட்டுப் போன சொல்

1

ஒரு பெண்ணின் கணவனை நான் கரைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இந்தக் கதை அந்தப் பிழையில் இருந்துதான் தொடங்குகிறது. நேற்று முழுக்க வேறு தொடக்கம் தேடினேன்:

மட்டக்களப்பு வாவியின் மேல் காலை வெயில்...

(வேண்டாம். வெயிலை எழுதித் தப்பப் பார்க்கிறேன்.)

2

மங்கையற்கரசி அக்கா பெரியகல்லாற்றுக்காரி. சுனாமி அன்று காலை அவருடைய கணவர் யோகராசா தோணியோடு வாவிக்குப் போனார். தோணி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக அக்கா பொட்டை அழிக்கவில்லை, திவசம் கொடுக்கவில்லை. இந்த வருடம்தான் மனம் இறங்கி, திவசத்துக்கு ஐயருக்குச் சொன்னார். செயற்கை நுண்ணறிவில் அசையும் படம் செய்கிற என்னையும் கூப்பிட்டார்.

"நான் அடுப்ப ஊதிட்டிருந்தன் தம்பி. வாசல்ல நிண்டு 'வாறன்' எண்டாரு. நான் திரும்பிப் பாக்கல்ல. அவரு போறத ஒருக்காக் காட்டு. பாத்தாத்தான் போயிட்டாரெண்டு நம்புவன்."

3

அக்கா வீட்டில் இருந்தபடியே யோகராசாவின் ஒரே புகைப்படத்தை ஏற்றிவிட்டு, கைபேசியில் எழுதினேன்: 'காலை. வாவிக்கரை வீடு. தோணிக்காரர் மனைவியிடம் "வாறன்" என்கிறார்.'

[அடிக்குறிப்பு: எங்கள் பக்கம் வீட்டைவிட்டு இறங்குகிறவர் 'போறன்' என்று சொல்வதில்லை, அது கூடாத சொல். 'வாறன்' என்றால் போகிறார் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இயந்திரத்துக்கு நான் சொல்லவில்லை.]

படம் வந்ததும், நானே ஒருமுறை பார்க்காமல், அக்கா கையில் கொடுத்தேன். மடத்தனம்.

தோணியொன்று கரைக்கு வந்தது. சாரத்தை மடித்துக் கட்டியபடி யோகராசா இறங்கினார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். வாய் அசைந்தது: 'வாறன்.' நடந்து வந்தார். வந்துகொண்டே இருந்தார். அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

4

அக்கா கதறி அழுதார் என்று...

(பொய். வெட்டிவிட்டேன்.)

அவர் அழவில்லை. நரைத்த மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

"முப்பத்தொரு வயசு. அப்பிடியே இருக்காரு. இப்ப என்னக் கண்டா அவருக்கு ஆரெண்டு விளங்குமா தம்பி?"

"பிழையா வந்திட்டு அக்கா. மாத்தித் தாறன்."

"மாத்தாத. ஐயர வரவேணாமெண்டு சொல்லு."

5

மாற்றிவிட்டேன். இரண்டாவது படத்தில் யோகராசா முதுகைக் காட்டிக்கொண்டு தோணியில் ஏறி, சிறுத்துச் சிறுத்து மறைகிறார். அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. பார்த்து நானே அழுதேன், நான் தட்டிய நாலு வரிக்கு. திவசம் நாளைக்கு. ஐயரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா அந்தப் படத்தைப் பார்த்து, பொட்டை

வந்தவரையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, உலையில் இரண்டு பேருக்கு அரிசி

இரண்டு வரியையும் முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. யோகராசாவைப் பிழையாகக் கூட்டிவந்தவன் நான். சரியாகக் கொண்டுபோய் விடுவதற்கு எனக்கு என்ன உரிமை? இரண்டு படமும் கைபேசியில் இருக்கின்றன. இப்போது அக்கா வீட்டுக்கு இறங்குகிறேன். எதைக் காட்டினேன் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

வாறன்.