நடக்காத பத்து தவறுகள்

தரச்சான்று கொடுக்கும் குழு திங்கட்கிழமை வருகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் தவறுகளைப் பதியும் நோட்டு ஒரு வருடமாக வெள்ளையாகவே கிடந்தது.

"ஒரு தப்புகூட நடக்கலன்னா நம்பவே மாட்டாங்கக்கா," என்றாள் ஆர்த்தி. தரப்பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். "ஒரு பத்து எழுதிடுங்க. உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

"நடக்காததையா?"

"நடந்த மாதிரி. யாரையும் சாகடிச்சிடாதீங்க!"

மருந்து அறையில் உட்கார்ந்து எழுதினேன். மாத்திரை அரைமணி தாமதம். கட்டிலின் தடுப்புக் கம்பியை ஏற்றவில்லை. பொய் இவ்வளவு சுலபமாக வருவது எனக்கே கூச்சமாக இருந்தது. ஐந்தாவதில் பேனா நின்றது.

போன சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள். வார்டு நிரம்பி வழிந்தது. ஆறாம் கட்டிலில் ஓர் உண்ணாமுலை, ஒன்பதில் இன்னொருத்தி. "உண்ணாமுலையம்மா?" என்றேன். ஒன்பதாம் கட்டில்காரி கையை நீட்டினாள். கைப்பட்டையில் இருந்த எண்ணைப் பார்க்காமல் ஆறாம் கட்டிலுக்கான இன்சுலினைப் போட்டுவிட்டேன். சர்க்கரை நோயே இல்லாதவள். சற்று நேரத்தில் வியர்த்து நடுங்கினாள். சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினேன். பிழைத்தாள். "கிரிவலம் சுத்தின களைப்பு" என்று அவள் மகனிடம் சொன்னேன். அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தக் கும்பிடை இறக்கிவைக்க இதுவரை எனக்கு இடம் கிடைக்கவில்லை. தேதியோடு முழுவதும் எழுதினேன்.

ஆர்த்தி படித்தாள். "அக்கா, இது சூப்பர்! நிஜமாட்டமே இருக்கு. கதை கிதை எழுதுவீங்களா? பேரை மட்டும் மாத்திடுங்க."

"நிஜம்தான் ஆர்த்தி. நான்தான் போட்டேன்."

சிரிப்பு அவள் உதட்டில் மட்டும் மிச்சமிருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. உள்ளதை எழுதினா தண்டனை கிடையாதுன்னு நீதானம்மா கிளாஸ்ல சொன்ன?"

"அது கிளாஸ்ல சொல்றதுக்குத்தான்க்கா. நடந்ததைப் போய் எழுதினா எப்படி?"

அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்தாள். குப்பைக் கூடையில் போடுவாள் என்று நினைத்தேன். நாலாக மடித்துத் தன் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா, பயப்படாதீங்க."

அதுவரை எனக்குப் பயமே இருக்கவில்லை.

"அஞ்சாவதுக்கு யாராச்சும் வழுக்கினதா போடுங்க. அடி படலன்னு."

அவள் போகாமல் நின்றாள். நான் பேனாவை எடுத்து, தரை ஈரமாக இருந்தது என்று எழுதினேன்.