கவர்னர் தலையாட்டும் நாள்

"கவர்னருக்கு என்னதான் வேலை?" என்று கேட்காத ஆள் எங்கள் மாகாணத்தில் கிடையாது. முடி வெட்டுகிறவள் கேட்பாள், டாக்ஸிக்காரன் கேட்பான், என் சொந்தத் தங்கை கிறிஸ்துமஸ் விருந்துக்கு நடுவில் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே கேட்பாள். நான் கவர்னர் மாளிகையில் செயலாளராக இருந்து நான்கு கவர்னர்களைப் பார்த்தவள். எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "தலையாட்டுறதுதான் வேலை, போதுமா?" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். சொன்னது பொய்யும் இல்லை. சட்டசபை எதை நிறைவேற்றினாலும், மன்னரின் பிரதிநிதியான கவர்னர் நேரில் வந்து பெரிய நாற்காலியில் உட்கார வேண்டும். சபைச் செயலர் மசோதாவின் பெயரை வாசிப்பார். கவர்னர் தலையை ஒருமுறை அசைப்பார். அசைத்தால்தான் அது சட்டம். கையெழுத்து, முத்திரை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாளிகையின் மாடிப்படி நெடுக பழைய கவர்னர்களின் படங்கள் தொங்குகின்றன. கீழ்ப்படிகளில் இருப்பவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த கடற்படைக்காரர்கள். கோடையில் காட் மீன் பிடிக்கும் கப்பல்களோடு வந்து, பனி விழுவதற்குள் கம்பி நீட்டியவர்கள். குளிர்காலத்தையும் ஒரு கை பார்க்கிறேன் என்று வீம்பு பிடித்துத் தங்கிய ஒருவர் மார்ச் மாதத்தில் செத்துப்போனார். துறைமுகம் உறைந்து கிடந்தது. ஐஸ் உடைந்து கப்பல் கிளம்பும்வரை அவரை உப்பு மீன் கிடங்கில் வைத்திருந்தார்களாம். நடுப்படிகளில் மீன் வியாபாரிகள், வக்கீல்கள், கட்சிக்கு உழைத்துக் களைத்த கிழவர்கள். மேலே போகப் போகத்தான் நம்மூர் முகங்கள், ஒன்றிரண்டு பெண்கள்.

இவர்களில் ஹொரேஷியோ மெர்சர் ஒருவர்தான் தலையாட்ட மறுத்தவர். ஞாயிற்றுக்கிழமையும் மீன்பிடிக்கலாம் என்று சபை சட்டம் கொண்டுவந்தது. மனிதர் பைபிளைக் கரைத்துக் குடித்தவர். பெயரை வாசித்ததும் தாடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரே சிரித்தது. அடுத்த வசந்தத்தில் அவரைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டார்கள். புது ஆள் வந்த வாரமே அதே மசோதாவுக்குத் தலையாட்டினார்.

என் நான்காவது கவர்னர் அம்ப்ரோஸ் கீப்பிங். கடலோரக் காவல்படையில் கேப்டனாக இருந்தவர். பதவி ஏற்ற வாரமே சமையலறைக்குள் புகுந்து, ரொட்டி மாவைப் பன்றிக் கொழுப்பில் தானே பொரித்து, வெல்லப்பாகு ஊற்றி நின்றபடியே சாப்பிட்டார். சமையல்காரி அன்றைக்கே அவருக்கு அடிமை. நானும்தான், ஒத்துக்கொள்கிறேன். பிறந்த ஊர் கானெட் தீவு. தாய் சின்ன வயதிலேயே போய்விட, அக்கா ட்ரூசில்லாதான் அவரை வளர்த்தாள். அவள் இன்னமும் அந்தத் தீவில், அதே வீட்டில்தான் இருந்தாள்.

வினை அங்கேயிருந்துதான் வந்தது. ஆள் குறைந்துபோன தீவுகளை அரசு மூடிவிடும். வெளியேறுகிறவர்களுக்கு வேறிடத்தில் வீடு வாங்க உதவி செய்து, படகையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடும். ஆனால் தீவில் இருக்கிற அத்தனை பேரும் சரி என்று சொல்லியாக வேண்டும். கானெட் தீவில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள். எல்லாரும் சரி என்றார்கள். ட்ரூசில்லா மட்டும் மாட்டேன் என்றாள். வருஷக்கணக்காக மாட்டேன் என்றாள்.

அவள் பக்கத்து வீட்டுக்காரர் ஹூபர்ட் டிசார்ட். அவர் மனைவி வின்னிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கப் படகேறிப் போக வேண்டும். காற்று கிளம்பினால் படகு வராது. வீட்டை விற்கலாம் என்றால் மூடப்போகிற தீவில் எவன் வாங்குவான்? அரசு உதவி செய்ய ட்ரூசில்லா சரி சொல்ல வேண்டும். கடைசியில் அரசு புது மசோதா கொண்டுவந்தது. பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டால் போதும், ஒருவர் தடுக்க முடியாது. சபையில் அவள் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனாலும் அது யாருக்காகப் போட்ட சட்டம் என்று பால்காரனுக்குக்கூடத் தெரியும்.

மசோதா சபையைத் தாண்டிய அன்று காலை கவர்னர் என்னைக் கூப்பிட்டார்.

"மொய்ரா, நான் தலையாட்டலன்னா என்ன ஆகும்?"

"மெர்சருக்கு ஆனதுதான் சார். உங்களைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடுவாங்க. அவர் வந்து ஆட்டுவாரு."

"எவ்வளவு நாள் பிடிக்கும்?"

"ஒரு குளிர்காலம் ஓடும். அதுக்கு மேல ஓடாது."

"ஒரு குளிர்காலம்," என்றார். மனிதர் கணக்குப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

மாகாணத்தின் முதலமைச்சரான பிரீமியரிடம், இந்த மசோதா வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லிப் பார்த்திருந்தார். ஒரு கவர்னர் எச்சரிக்கலாம், அறிவுரை சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் அவர்கள் இஷ்டம். "உங்க அக்கா மேல உங்களுக்கு இருக்கிற பாசம் புரியுது சார்" என்று பிரீமியர் தேனொழுகப் பதில் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த ஆளின் தேநீரில் உப்பை அள்ளிப் போட்டிருப்பேன்.

"சார், உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க," என்றேன். "தலைமை நீதிபதி உங்களுக்குப் பதிலா வந்து உட்காருவாரு. சட்டத்துல இடம் இருக்கு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்க அக்காவை வீட்டை விட்டுக் கிளப்ப இன்னொருத்தரை அனுப்பிட்டு நான் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கணுமா? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளப் பாக்கறது?"

"அப்போ ஆட்டப் போறீங்களா?"

"தெரியல மொய்ரா. சத்தியமா தெரியல."

மறுநாள் மத்தியானம் ட்ரூசில்லாவே வந்து நின்றாள். படகில் ஏறி, பஸ் பிடித்து, தனியாக வந்திருந்தாள். எண்பதைத் தாண்டியவள். வாசலிலேயே ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு பளிங்குத் தரையில் நடந்தாள். கையில், தீவின் சதுப்பில் விளையும் மஞ்சள் பழத்தில் செய்த ஜாம் போத்தல். மாடிப்படியில் படங்களைப் பார்த்து நின்றாள்.

"இவங்கல்லாம் யாரு கண்ணு?"

"பழைய கவர்னருங்க அம்மா."

"எங்க தீவுக்கு ஒருத்தனாவது வந்திருக்கானா?"

"இதோ, இவரு. கப்பல் தரைதட்டி வந்து இறங்கினாராம்."

"ஓ, இவன்தானா!" அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். "எங்க தாத்தா சொல்வாரு. இருந்த கோழியை எல்லாம் தின்னுட்டு, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போனானாம். மூஞ்சியப் பாரு."

மேலே கவர்னரின் அறையில் தேநீர் கொடுத்தேன். வெளியே போகப் பார்த்த என்னை அவள் விடவில்லை. "இரு கண்ணு, ரகசியம் ஒண்ணுமில்ல," என்று உட்கார வைத்தாள். பிறகு தம்பியிடம் திரும்பினாள்.

"டேய் அம்ப்ரோஸ், உங்கிட்ட நான் எப்பவாச்சும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்லக்கா."

"இப்பக் கேக்கறேன். நீ எனக்காக எதுவும் செய்ய வேணாம்டா. எதுவும் செய்யாம இருந்தாப் போதும். தலைய ஆட்டாம சும்மா உட்காந்திரு."

"உட்காந்தா ஒரு குளிர்காலம்தான்க்கா கிடைக்கும். அப்புறம் வேற ஆளு வந்து ஆட்டிடுவான்."

"எனக்கு என்ன, இருபது குளிர்காலம் இருக்குன்னு நெனச்சியா? ஒண்ணு போதும். என் கட்டில்ல படுத்து நிம்மதியா செத்துக்கறேன்."

 அவர் மெதுவாகக் கேட்டார். "வின்னி எப்படி இருக்கா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "போன மாசம் ரொட்டி சுட்டுக் கொண்டுபோனேன். ஹூபர்ட் கதவைத் தொறந்தான், ரொட்டியப் பாத்தான், சாத்திட்டான். அவன் கல்யாணத்துக்கு மீன் சூப்பு வச்சவ நான்." வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவ நல்லா இல்லடா. கால் ரெண்டும் வீங்கியிருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

 அவர் அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். நாளைக்குச் சபைக்கு வருகிறேன், பார்வையாளர் மாடத்தில் எனக்கு ஒரு இடம் போட்டு வை என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் அவளை வலப்பக்க மாடத்தில், முதல் வரிசையில் உட்கார வைத்தேன். எதிர் மாடத்தைப் பார்த்தபோதுதான் ஹூபர்ட்டும் வந்திருப்பது தெரிந்தது. தனியாக, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வின்னியால் வர முடியவில்லை போலும்.

கதவை மூன்று தட்டு தட்டினார்கள். எல்லாரும் எழுந்து நிற்க, கவர்னர் பதக்கங்களோடு நடந்து வந்து உட்கார்ந்தார். நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்துத் தூணோரம் நின்றேன். செயலர் வாசிக்கத் தொடங்கினார். நெடுஞ்சாலைத் திருத்தச் சட்டம். கவர்னர் தலையாட்டினார். பல் மருத்துவர் சட்டம். தலையாட்டினார். பால் பண்ணைச் சட்டம். தலையாட்டினார்.

"தீவுக் குடியிருப்புகள் இடமாற்றத் திருத்தச் சட்டம்."

தலை அசையவில்லை.

காதில் விழவில்லை என்று நினைத்து செயலர் இன்னொரு முறை, இன்னும் உரக்க வாசித்தார். அசையவில்லை. சபாநாயகர் இருமினார். பிரீமியர் முகத்தில் ஈயாடவில்லை. பின்வரிசையில் யாரோ "மெர்சர்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

கவர்னர் மேலே, தன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல்களெல்லாம் வெளுத்துப்போயின. தாடை நடுங்க ஆரம்பித்தது. அது தலையாட்டலா நடுக்கமா என்று தெரியாமல் செயலர் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். ஐயோ, எழுந்து வெளியே போய்விடுங்கள் சார் என்று நான் மனசுக்குள் கதறினேன்.

முதலில் ட்ரூசில்லா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். கேட்டதைத் தம்பி கொடுத்துவிட்டான் என்ற பெருமை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு அந்தத் தாடையைப் பார்த்தாள். அவர் கண்கள் நிறைந்துவிட்டதையும் பார்த்திருப்பாள், எனக்கே தெரிந்ததே. அவள் பார்வை எதிர் மாடத்துக்குப் போனது. ஹூபர்ட் யாரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு எழுந்து நின்றாள். மாடத்தில் இருப்பவர்கள் எழுந்திருக்கவோ பேசவோ கூடாது.

"டேய் அம்ப்ரோஸ்!"

சபை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது.

"ஆட்டுடா. போதும். ஆட்டித் தொலை. அத்தனை பேரும் பாக்கறாங்கடா, அவங்க முன்னால அழுதுடாத."

"அமைதி! அமைதி!" என்று சபாநாயகர் கத்தினார். அவள் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கீழே குனிந்து, ஜுரத்தில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "ஆட்டு கண்ணு, நான்தான் சொல்றேன்ல," என்றாள்.

அவர் தலையைக் குனிந்தார். குனிந்த தலையை வெகுநேரம் நிமிர்த்த முடியவில்லை அவரால். "மன்னரின் பெயரால் கவர்னர் இச்சட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கிறார்" என்று செயலர் அவசர அவசரமாக அறிவித்தார்.  வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். மாடத்திலிருந்து வருகிற பேச்சைச் சபைக் குறிப்பில் எழுதும் வழக்கமில்லை. அன்றைய குறிப்பில் தேடிப் பாருங்கள், கவர்னர் ஒப்புதல் அளித்தார் என்று ஒரு வரிதான் இருக்கும்.

நான் மேலே ஓடினேன். அதற்குள் காவலர் ஒருவர் அவள் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். எதிர் மாடத்தில் ஹூபர்ட் எழுந்து நின்றிருந்தார்.

"கைய எடு மகனே," என்று அவள் காவலரிடம் சொன்னாள். "என்னைய யாரும் பிடிச்சுத் தள்ள வேணாம். நானே போறேன்."