ஈரத்துணியில் ஒரு சொட்டு நீலவேணி

சாரதாமணியின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெண் மூன்று மாதமாக ஆற்றில் ஒரு காலை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

நொய்யல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கிளம்பியவள் அவள். கரையோடு நடந்து வந்தவள், ஓரிடத்தில் அக்கரைக்குப் போக வேண்டியிருந்ததால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வலது காலைத் தண்ணீரில் வைத்தாள். அந்த இடத்தில் பேனாவில் இங்க் தீர்ந்தது. புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அதிலும் ஒன்றுமில்லை. அது வைகாசி மாதம். இப்போது ஆவணி பிறந்துவிட்டது.

இங்கின் பெயர் நீலவேணி. நீலம் என்றால் நீலமில்லை, ஊதா என்றால் ஊதாவுமில்லை. எழுதும்போது நீலமாக இறங்கும். காயக் காய, நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு வந்து நிற்கும். எழுதிக்கொண்டிருக்கும் வரி நீலம், அதற்கு மேல் வரி ஊதா. இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிறம் மாறுகிறது. அந்த இடத்தைக் கண்ணால் பிடித்துவிட வேண்டும் என்று எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் பிடிபட்டதில்லை. இமை மூடித் திறப்பதற்குள் மாறியிருக்கும்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள், தான் எழுதிய கட்டுரையை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். அவளுக்குக் குரலே வரவில்லை. வகுப்பு சிரித்தது. மறுநாள் அவள் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. இப்போது பதினேழு வயதாகிறது. திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் பனியன் மடித்து டப்பாவில் வைக்கிறாள். நோட்டுகள் வீட்டில் தலையணைக்கு அடைக்கிற வெட்டுத்துணி மூட்டைக்குள் இருந்தன. மகள் மூட்டையோடு உட்கார்ந்திருந்தால் துணி பிரிக்கிறாள் என்றே அப்பா கந்தவேலும் அம்மாவும் நினைத்தார்கள்.

ரயிலடிப் பக்கம் வேலுமணியின் காகிதக் கடையில்தான் நீலவேணி கிடைத்துவந்தது. வைகாசிக்குப் பிறகு மூன்று முறை போனாள். மூன்று முறையும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீலவேணி இருக்குங்களா?"

"இல்லீங்க அம்மிணி. கம்பெனிக்காரன் செய்யறதையே நிறுத்திப்போட்டானுங்க. கடைசியா இருந்ததைக்கூட..."

வாக்கியம் முடிவதற்குள் அவள் தெருவுக்கு வந்திருப்பாள். இன்னொரு கேள்வி கேட்டால் எதற்கு என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்காவது முறை நீலத்தில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் வாங்கிவந்து, வீட்டில் கொட்டாங்கச்சியில் கலந்து பார்த்தாள். திருப்பூரில் பிறந்தவள் நிறத்தைக் காகிதத்தில் நம்பமாட்டாள். வெட்டுத்துணி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விரித்து, நடுவில் ஒரு சொட்டு விட வேண்டும். ஈரம் அந்தச் சொட்டைப் பிரித்துக்காட்டிவிடும். நீலவேணியானால் நீலம் ஓரத்துக்கு ஓடி வளையம் கட்டும். ஊதா நடுவிலேயே குந்திக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் விடியற்கால வானத்தைப் போல மெல்லிய ரோஜா நிறம் தெரியும். கலந்து செய்ததில் சிவப்புதான் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது. எட்டு விதமாகக் கலந்தாள். எட்டுத் துணியிலும் சிவப்பே ஓடியது. காகிதத்தில் பார்த்தால் ஒன்றிரண்டு ஏறக்குறைய அதே நிறம்தான். ஆனால் அந்தப் பெண்ணைப் பொய் நிறத்தில் அக்கரைக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் மதியம் கம்பெனியில் மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பனியனின் கீழ்மடிப்பில் கறை ஒன்றைக் கண்டாள். காசு அகலம் இருக்கும். ஓரத்தில் நீல வளையம், நடுவில் ஊதா, இடையில் ரோஜா நிறம்.

வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு அதைச் சுருட்டி மாராப்புக்குள் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் ஆற்றங்கரைச் சலவைப்பட்டறைக்கு நடந்தாள்.

அங்கேதான் பனியன் துணியை வெளுத்து, கடைசித் தொட்டியில் நீலம் போட்டு எடுப்பார்கள். நீலம் போடுவது மாரக்காள். நாற்பது வயதிருக்கும், பருத்த உடம்பு, முழங்கை வரை நீலம் பாரித்த கை. தொட்டி மேட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு, கந்தவேலண்ணன் புள்ளையா? உன்ற காலு இந்தப் பக்கமெல்லாம் வருமா?"

சாரதாமணி பனியனை விரித்துக் கறையைக் காட்டினாள்.

"மேஸ்திரி அனுப்பிச்சானாக்கும். கை தவறிப்போச்சுன்னு சொல்லு போ. ஒரு சொட்டுக் கறைக்கு ஒரு ஆளை அனுப்பறான் பாரு."

"அனுப்பலீங்க்கா. நானா வந்தனுங்க. இது நீலவேணி இங்க்குங்களா?"

"பேரெல்லாம் தெரியுதே உனக்கு. நீலப்பொடி வந்து சேராம இருந்துது கண்ணு. வேலுமணி கடையில இந்தப் புட்டிக தூங்கிட்டுக் கெடந்துது. தொட்டியில ரெண்டு மூடி ஊத்திப் பார்த்தேன். தும்பப்பூ தோத்துப்போற வெள்ளை. இருந்த ரெண்டு டஜனையும் தூக்கிட்டு வந்துட்டேன்."

ஆற்றின் ஓரமாகக் கொடிகளில் பனியன் துணி நீளநீளமாகக் காய்ந்துகொண்டிருந்தது. காற்று வந்தபோது எல்லாம் ஒன்றாக எழுந்து ஒன்றாக அமர்ந்தன. சாரதாமணி அவற்றைப் பார்த்தாள். கடைக்கு நடையாய் நடந்து தேடியதை இத்தனை நாளும் தன் கையாலேயே மடித்து டப்பாவில் வைத்திருக்கிறாள். டப்பாக்கள் போய்ச் சேரும் கல்கத்தாவில் யாரோ ஒருவர் காலையில் அதை எடுத்து உதறிப் போட்டுக்கொள்வார். அவர் நெஞ்சின்மேல் அவள் எழுதாமல் விட்ட வரிகள் வெள்ளையாக இருக்கும். வியர்க்கும்போது ஒருவேளை ஊதாவாகுமோ என்னவோ.

"பகல்லயே கனவா?" என்றாள் மாரக்காள்.

"மிச்சம் இருக்குதுங்களா?"

"அரைப் புட்டி கெடக்கும். எதுக்கு?"

"தம்பிக்குங்க. பள்ளிக்கூடத்துக்கு."

"உனக்கு எப்பக் கண்ணு தம்பி பொறந்தான்? உங்கம்மா என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

சாரதாமணியின் காது சூடாகியது. "எழுதறதுக்குங்க" என்றாள்.

மாரக்காள் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். "காயிதமா? யாருக்கு?"

அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று சாரதாமணிக்குத் தெரியும். பட்டறையிலிருந்து கம்பெனிக்கு, கம்பெனியிலிருந்து அப்பாவின் காதுக்கு. பேசாமல் திரும்பினால் சந்தேகம் மட்டும் மிஞ்சும். நிற்பதானால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

"யாருக்குமில்லீங்க்கா. கதை எழுதறனுங்க."

சொன்ன பிறகு யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன கதை?"

"ஒரு பொம்பள ஆத்துல நிக்கறாங்க."

"எந்த ஆத்துல?"

"இதுலதானுங்க. பாலத்துக்கு மேக்க, ஆனை படுத்த மாதிரி ஒரு பாறை இருக்குதுங்களே, அங்க."

"அங்க எதுக்கு நிக்கறா?"

"இங்க் தீந்துபோச்சுங்க."

"எத்தன நாளா?"

"மூணு மாசமாங்க."

"அட பாவமே. காலு ஊறிப்போயிருக்குமே" என்றாள் மாரக்காள். உண்மையாகவே வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. எழுந்துபோய், வெளுப்புப்பொடி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு புட்டியை எடுத்துவந்தாள். மூடி இல்லை.

சாரதாமணி கொடியோரம் கிடந்த துண்டுத்துணியை நனைத்துப் பிழிந்து, மேட்டில் விரித்து, ஒரு சொட்டு விட்டாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். நீலம் ஓரத்துக்கு ஓடி வளையம் கட்டியது. நடுவில் ஊதா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல்தான் இருந்தது.

"இது அது இல்லீங்க்கா."

"தொறந்து கெடந்துதல்ல. அந்தப் பொடிக் காத்துப் பட்டா எதுதான் வெளுக்காம இருக்கும். என்னையே பாரு, தலை வெளுத்துப்போச்சு."

சாரதாமணி புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உலகத்தில் மிஞ்சிய நீலவேணி இதுதான், இதுவும் பாதி நீலவேணிதான். கண் கலங்கியது.

மாரக்காள் அதைப் பார்க்காதவளைப் போல ஆற்றின் பக்கம் கை நீட்டினாள். "அவளை அந்தப் பாறைக்கு இடது கைப்பக்கமா எறங்கச் சொல்லு. முழங்கால் தண்ணிதான். நடுவுல மட்டும் ஒரு குழி இருக்குது. துணி அலசறப்ப ரெண்டு தடவ நானே உழுந்திருக்கறேன்."

சாரதாமணி நிமிர்ந்து பாறையைப் பார்த்தாள். நொய்யலை அவள் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். ஒருநாளும் இறங்கியதில்லை. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத தண்ணீரில் அந்தப் பெண் மட்டும் எப்படி இரண்டாவது காலை வைப்பாள்?

"கடந்தாளான்னு வந்து சொல்லோணும். இல்லீனா எனக்குத் தொட்டியில கையி ஓடாது" என்றாள் மாரக்காள்.

மறுநாள் விடிந்து, மில் சங்கு ஊதுவதற்கு முன்னால் சாரதாமணி மூட்டைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தாள். வரி நீலமாக இறங்கியது. காய ஆரம்பித்தது. ஊதா குறைவாக இருந்ததால் நிறம் அவசரப்படாமல் மாறியது. ஒவ்வொரு எழுத்தாக, முதலில் வளைவு, பிறகு கொம்பு, பிறகு புள்ளி. நாவல்பழம் வரை அது போகவில்லை, அதற்கு முன்னாலேயே மங்கலாக நின்றுவிட்டது. ஆனால் மாறும் இடத்தை அவள் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள்.

அந்தப் பெண் பாறைக்கு இடது கைப்பக்கமாக இறங்கினாள். இரண்டாவது காலையும் வைத்தாள். நடுவில் குழி இருந்தது. சாரதாமணி அவளை அதில் ஒருமுறை விழவைத்து, இடுப்பு வரை நனைய விட்டு, எழுப்பினாள். அக்கரை ஏறியவள் முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் லேசான ஊதாவாக இருந்தது.

சங்கு ஊதியது. சாரதாமணி நோட்டை மூட்டைக்குள் வைக்கவில்லை. மாராப்புக்குள் வைத்துக்கொண்டு, ஆற்றங்கரை வழியாகவே கம்பெனிக்குக் கிளம்பினாள்.