உமி போன வழி

அப்துல் ஹலீமுக்குப் பாகூரில் உப்பும் வெல்லமும் விற்கும் கடை. வாடகைக்கு இருந்த இடத்தை உடையவர் திரும்பக் கேட்டுவிட்டதால், மரியசுந்தரத்தின் கடைத்தெரு வீட்டை வாங்கிவிடுவதென்று தீர்மானித்திருந்தார். மரியசுந்தரம் சைகோனில் இருக்கும் மகனிடம் போகிறார். திங்கட்கிழமை பத்திரம் பதியும் நொத்தேர் முன்னால் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகு வீட்டில் என்ன குறை இருந்தாலும் அது ஹலீமுடையது.

புதிதாக வெள்ளையடித்த வீடு பளிச்சென்று இருந்தது. ஹலீமின் மனைவி ஆமினா பீவி அடுக்களைச் சுவரைத் தடவிப் பார்த்தாள். முழங்கால் உயரம் வரைக்கும் சுண்ணாம்பு பொரிந்து மாவாக உதிர்ந்தது. விரலை நாக்கில் வைத்தாள். கரித்தது. அடியில் தேங்கும் தண்ணீரைச் செங்கல் மெல்ல மேலே உறிஞ்சும். ஈரம் காற்றோடு போய்விடும். அதனோடு ஏறிவந்த மண்ணின் உப்பு சுவரிலேயே தங்கி, மேலே எதைப் பூசினாலும் தள்ளிவிடும்.

ஆனால் தண்ணீர் எப்படி வந்தது? பங்குனி வெயிலில் கொல்லை வெடித்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு ஜெயசீலியிடம் கேட்டாள். “மழக் காலத்துல இங்க தண்ணி நிக்குமாக்கா?”

“விக்கிற வூட்டப் பத்தி நா இன்னாத்தடி சொல்றது? நாளைக்கு எங்க வூட்டயும் விக்க வேணாமா?” என்று சிரித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்தத் தெருவின் வழக்கம் அது. ஒரு வீடு விலைக்கு வந்துவிட்டால் அக்கம்பக்கம் வாய் திறக்காது. ஆமினாவுக்கு அதில் கோபமில்லை. வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் கணவரோடு ஒரு கூடை உமியும் கொண்டுவந்தாள். கொல்லையின் மேட்டில் ஹலீம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

“ஊரே பாக்குது ஆமினா. உமியத் தூவி வூடு வாங்குறான்னு சிரிப்பானுங்க.”

“சிரிக்கட்டும். வெல்லம் கரைஞ்சா எவனாவது வந்து அள்ளுவானா? ஊத்துங்க.”

முதலில் ஊற்றியதையெல்லாம் வெடிப்புகள் குடித்துவிட்டன. மண் நிறைந்தபிறகுதான் தண்ணீர் நகர்ந்தது. ஆமினா அதன்மேல் உமியைத் தூவினாள். கண்ணுக்குத் தெரியாத சரிவை மிதக்கும் உமி காட்டிக்கொடுக்கும். அது வேலியோரமாக வாய்க்காலை நோக்கிப் போனது. ஹலீமின் முகம் மலர்ந்தது. ஆனால் வழியில் குறுக்கே இருந்த மாட்டுக்கொட்டகையின் தரைமேட்டில் உமி முட்டி நின்றது, சுழன்றது, பிறகு திரும்பி அடுக்களைப் படியில் வந்து ஒட்டிக்கொண்டது.

மரியசுந்தரம் வந்து பார்த்தார். பார்வை ஜெயசீலி வீட்டுப் பக்கம் போனது. “யாரு சொன்னது உங்களுக்கு?”

“யாரும் சொல்லல. நீங்களும் சொல்லல” என்றாள் ஆமினா.

“மழ பேஞ்சா தண்ணி வராத வூடு எது பாய்?”

“உப்பு மூட்ட வெக்கிற வூட்டுல வரக்கூடாதுங்களே” என்றார் ஹலீம். பிறகு மனைவியிடம் தணிந்த குரலில், “கொட்டாய எடுத்துட்டா?” என்றார். இப்படி ஓர் இடம் இனி அவருக்குக் கிடைக்காது.

“எடுத்துட்டு மறுபடி ஊத்திப் பாக்கலாம். ஓடிடுச்சின்னா திங்கக்கெழம கையெழுத்து. ஓடலன்னா வேற வூடு.”

மரியசுந்தரம் தான் கட்டிய கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். பிறகு பசுவை அவிழ்த்து மாமரத்தில் கட்டினார்.

“கடப்பார உள்ள இருக்குது. நீங்களும் ஒரு கை புடிங்க பாய்.”