நிமிர்ந்து நின்ற வண்டி

ஓடும்போது அந்த மோட்டார் பைக் வேறு மிருகம். நிற்கும்போது எருமை. வண்டி வாங்கிய அன்றே அர்லீனுக்கு இது தெரிந்துவிட்டது.

மணிலாவிலிருந்து பாகியோ வரைக்கும் அவளே ஓட்டி வந்தாள். சின்ன வண்டிகளை உள்ளேயே விடாத விரைவுச்சாலை அது. கல்லூரிக் காலம் முழுக்க அந்தச் சாலையை அவள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். அன்று சுங்கச்சாவடியில் தடுப்புக்கட்டை அவளுக்காகத் தூக்கப்பட்டது. ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர். கைப்பிடியைக் கொஞ்சம் திருகினால் போதும், முக்கல் முனகல் எதுவும் இல்லாமல் முன்னால் போகும் லாரி பின்னால் போய்விடும். முன்கண்ணாடி எதிர்க்காற்றைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டது. முதுகு வலிக்கவில்லை, கை மரக்கவில்லை. இப்படியே வடக்கே கடல் வரைக்கும் போய்விடலாம் என்று தோன்றியது. ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காமல் கத்திக்கொண்டே வந்தாள்.

மலை ஏறியதும் நெரிசல். வண்டி நின்றது. கீழே காலை ஊன்றப் பார்த்தால் தரையைக் காணோம். பெருவிரல் நுனி மட்டும் தாரைத் தொட்டும் தொடாமலும் தடவியது. அர்லீன் உயரம் அவ்வளவுதான். பாகியோவிலோ சமதரை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு சிக்னலிலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். தெருவே கூடி நின்றது. அம்மா பினிங் அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் சட்டம் போட்டாள்.

"ஃபாதர், நீங்களே சாட்சி. இது ஒரு தடவ கீழ விழுந்துச்சுன்னா மறுநாளே வித்துடணும். இவ சரின்னு சொல்லட்டும்."

"நான் தீர்த்தம் மட்டும்தாம்மா தெளிப்பேன்" என்றார் பாதிரியார். "சாட்சிக்கெல்லாம் வக்கீலக் கூப்பிடு."

பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெலென் கையைத் தூக்கினாள். "நான் சாட்சி!"

சரி என்று அர்லீன் சொன்னாள். வேறென்ன சொல்வது? ஊரார் துணியை வெளுத்துப் படிக்கவைத்த அம்மா அவள். மகள் இன்ஜினியர் தேர்வில் தேறியதும் வீட்டு முகப்பையே மறைக்கிற அளவுக்கு ஒரு பேனர் அடித்துக் கட்டினாள். ஆளுயர முகம், பெயருக்கு முன்னால் இன்ஜினியர் பட்டம், அடியில் 'பெற்றவள் பெருமையுடன்'. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் ஒரு மாதத்தில் அவிழ்த்துவிடுவார்கள். பினிங் நாலு மழைக்காலம் விட்டுவைத்தாள். இப்போது அதைத்தான் வண்டிக்குப் போர்வையாக்கியிருந்தாள். மகளின் முகம் எப்போதும் தெருவைப் பார்த்தபடி, நெற்றி மேலே இருக்கும்படி இழுத்துக் கட்டுவாள். அதில் தப்பே நடக்காது.

சட்டம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பெட்ரோல் பங்கில் இடது கால் சரளைக்கல்லில் வழுக்க, வண்டி அவளைத் தள்ளிவிட்டு அப்படியே படுத்துக்கொண்டது. இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையா மேடம்?" என்றான் ஒருவன்.

"பெட்ரோல் போடறதுக்கு ஆம்பள எதுக்கு? நீ போடு, போதும்" என்றாள். குரல் கறாராக இருந்தது. கண் இடப்பக்கத்துப் புதுக் கீறலிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வண்டிக்குச் செய்ததெல்லாம் அலங்காரம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். இடப்பக்கக் கீறலின் மேல் பெரிய கழுகு ஸ்டிக்கர். இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் கனமான இரும்புக் குழாய்த் தடுப்பு. இருக்கையின் பஞ்சைச் சீவினாள். அதுவும் போதாமல், பின்சக்கரச் சஸ்பென்ஷனின் இணைப்பை மாற்றி வண்டியையே தாழ்த்தினாள். ஹெல்மெட் கழற்றும் தைரியம்கூட இல்லாமல் சிக்னலில் நின்றவளுக்கு முதல்முறையாகப் பாதத்தின் பாதி தரையில் பட்டது. அன்றைக்கு அவள் வயிறார இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

தாழ்த்திக் கொடுத்த மெக்கானிக் ஒரு விஷயம் சொல்லித்தான் அனுப்பினான். "வண்டி இறங்கிடுச்சு, சைடு ஸ்டாண்டு அதே நீளம்தான் இருக்கு. சாயாம நெட்டுக்குத்தலா நிக்கும், லேசா தட்டினா மறுபக்கம் விழுந்துடும். ஸ்டாண்டையும் வெட்டி ஒட்டணும். வெல்டிங் ஆளு அடுத்த வாரம்தான் வர்றான்."

"அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை கம்பெனி பிக்கப் வந்து ஹாரன் அடித்தது. மலையோரத்துத் தடுப்புச் சுவர் வேலை, கான்கிரீட் போடுகிற வாரம், அங்கேயே தங்கல். வண்டியை முற்றத்துச் சரிவில் அவசரமாக நிறுத்தினாள். ட்ரில் மாஸ்டர் முன்னால் நிற்கிற பையன் மாதிரி அது விறைப்பாக நின்றது. பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய் பிக்கப்பில் ஏறினாள். சுவர் சாயாமல் நிற்கக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள்.

சனிக்கிழமை மதியம் திரும்பி வந்தபோது, முற்றத்தில் அவள் முகம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பேனரின் ஒரு மூலை தரையில் கிடந்தது. அம்மா இப்படிக் கட்டமாட்டாள். செத்தாலும் கட்டமாட்டாள்.

அர்லீன் போர்வையை உருவினாள். வலப்பக்கக் கண்ணாடி திருகி வானத்தைப் பார்த்தது. பிரேக் பிடி வளைந்திருந்தது. இரும்புத் தடுப்பில் சிமென்ட் தரையில் உரசிய வெள்ளைக் கோடுகள். புகைக்குழாயில் கையளவு சிராய்ப்பு.

அண்ணன் டெல்ஃபின் தெருவோரம் தன் டாக்சியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் போன வேகத்தில் வாளி உருண்டது.

"மனோங், வண்டியத் தொட்டியா?" என்றாள் அண்ணனிடம்.

"எந்த வண்டி?"

"நடிக்காத. வலது பக்கம் பூரா தேஞ்சு கிடக்கு. போர்த்தக்கூடத் தெரியல உனக்கு, தலைகீழா போட்டு வச்சிருக்க!"

"நான் ஏன் அதத் தொடறேன்? எனக்கு நாலு சக்கரம் இருக்கு."

"பொறாமைல தொட்டிருப்ப. நண்பனுங்க முன்னாடி பந்தா காட்ட ஏறியிருப்ப. கீழ போட்டா வித்துடுவாங்கன்னு தெரிஞ்சே போட்டியோ என்னவோ!"

டெல்ஃபின் துணியைப் பிழிந்தான். "பாத்துப் பேசு, அர்லீன்."

"என்ன பாக்கறது? படிக்காதவன் கை பட்டா இப்படித்தான் ஆகும்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அவன் படிப்பை விட்டு டாக்சி கழுவப் போனான். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் பேசியதில்லை. டெல்ஃபின் திரும்பிக்கொண்டான். துணியை உதறி, கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"அவன ஏன்டி திட்டற?" வாசலில் அம்மா நின்றாள். "நான்தான்."

"நனாங், அவனுக்காகப் பொய் சொல்லாத" என்றாள் அம்மாவிடம்.

"நான்தான்டி தள்ளினேன். புதன்கிழம. ஏறினேன், விழுந்துச்சு."

வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டி பெலென் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். "சொல்லிட்டாளா? அப்பாடா! மூணு நாளா வாயப் பொத்திக்கிட்டு என்னால முடியல. தூக்கினது யாரு? நான், இவ, அப்புறம் சோயாப் பால் விக்க வந்த ஆளு. அந்தாளு வாளிய அப்படியே போட்டுட்டு ஓடி வந்தான். தூக்கி நிறுத்திட்டு, பாவம், ஒரு கப்பாவது வாங்கிக்கங்கன்னான். ஆளுக்கு ரெண்டு கப் குடிச்சோம். போர்வைய நான்தான் அவசரத்துல போத்தினேன், இவளால நிக்க முடியல."

"நீ எதுக்கு நனாங் அதுல ஏறின?" என்றாள் அர்லீன்.

"எதுக்குன்னா? வாசல்லயே நிக்குது. தெனமும் உன் மூஞ்சியத் தூக்கிப் பாத்தா, உள்ள பளபளன்னு ஒக்காந்திருக்கு. எனக்கும் ஒரு தடவ ஏறிப் பாக்கணும்னு தோணாதா?"

"என்கிட்ட கேக்கவேண்டியதுதானே?"

"ஊருக்கு முன்னாடி சட்டம் போட்டவ நானு. உன்கிட்ட வந்து ஏத்திவிடுன்னு எப்படிடி கேப்பேன்?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தப் பக்கமாதான் கால் போட்டேன். அந்தப் பக்கம் போய்ச் சேரலடி என் காலு, அதுக்குள்ள வண்டி சாஞ்சிடுச்சு. புடிச்சுக்க ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி நிக்குதேன்னு நம்பித்தானே ஏறினேன்!"

கல்லு மாதிரி. அர்லீன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கை பட்டாலே மறுபக்கம் கவிழும்படி நின்ற வண்டி. நிறுத்தியது யார்? மெக்கானிக் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டியது யார்? ஆளைப் போல மூன்று மடங்கு எடை. அந்தச் சிமென்ட் தரையில், அம்மாவின் கால் மேல்.

இந்த வாரம் போனில் "முட்டி குளிருக்குப் பிடிக்குது" என்று அம்மா சொன்னது நினைவு வந்தது.

"கால் காட்டு."

"ஒண்ணுமில்லடி."

"காட்டுன்னா காட்டு நனாங்!"

பினிங் வாசற்படியில் உட்கார்ந்து வலது பக்கப் பேன்ட்டைச் சுருட்டினாள். முழங்காலுக்குக் கீழே கத்திரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல், ஓரமெல்லாம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அர்லீன் மண்டியிட்டு எலும்பை மெல்ல அழுத்தினாள். பாதத்தை மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். அம்மா மடக்கினாள், நீட்டினாள், நடுவில் அவள் மண்டையில் ஒரு குட்டும் வைத்தாள்.

"கூசுதுடி! எலும்பெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. அந்த இரும்புக் குழா மாட்டினியே, வண்டி அதுமேல சாஞ்சு நின்னுடுச்சு. அடியில சந்து இருந்துச்சு, கால உருவிட்டேன். செருப்புதான் நசுங்கிப்போச்சு."

அர்லீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இப்போதுதான் கீழே இறங்கியது. அழுகை வந்தது, அதற்கு முன்னால் சிரிப்பு வந்தது. இரண்டும் சேர்ந்து மூக்கில்தான் வந்தது.

"அந்தக் குழா ஏன் மாட்டினேன்னு தெரியுமா?" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நானும் கீழ போட்டேன். வந்த மொத வாரமே, பெட்ரோல் பங்குல. அந்தக் கழுகு ஸ்டிக்கர உரிச்சுப் பாரு, அடியில கீறல் இருக்கு. ஸ்டாண்டு வெட்டாம நிறுத்திட்டுப் போனதும் நான்தான். உன்னக் கொன்னிருப்பேன்."

"அடிப்பாவி" என்றாள் அம்மா. "அது கழுகா? நான் கோழின்னுல்ல நெனச்சேன்."

டெல்ஃபின் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"ஆகமொத்தம் ரெண்டு தடவ விழுந்தாச்சு. சாட்சியும் வேலியில நிக்குது. சட்டப்படி வித்துடணும். அதுவும் ரெண்டு தடவ விக்கணும்."

"என் வாயில ஒண்ணும் வராது" என்றாள் ஆன்ட்டி பெலென். "நான்தானே தூக்கினேன்? ஃபாதர் கேட்டா என் பேரும் வரும்."

எல்லோரும் பினிங்கைப் பார்த்தார்கள். அவள் பேன்ட்டை இறக்கிவிட்டு, இறக்கிய இடத்தை நீவி நீவிச் சரிசெய்தாள். வித்துடு என்று அம்மா சொன்னால் இந்தத் தடவை அர்லீனால் சண்டை போட முடியாது. போடவும் கூடாது.

"விக்கறதுன்னா என்னிக்கு வேணா விக்கலாம்" என்றாள் அம்மா கடைசியில். "நான் இன்னும் அதுல முழுசா ஒக்காரவே இல்ல. மொதல்ல அந்தக் கால வெட்டு."

"ஸ்டாண்டயா?"

"பின்ன, என் காலயா?"

வளைந்த பிரேக் பிடியோடு அர்லீன் மெக்கானிக் பட்டறைக்கு நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டினாள். பின்னால் டாக்சி, அம்மா முன்சீட்டில். கிளம்பும் முன் அர்லீன் டாக்சி ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"மனோங். நான் சொன்னது..."

"படிச்ச கை என்ன பண்ணுச்சுன்னு இப்பத் தெரிஞ்சுதில்ல?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சா சரி. முன்னாடி போ. மீட்டர் போட்டிருக்கேன்." அவன் சிரிக்கவில்லை. ஆனால் இறக்கம் முழுக்க, பின்னாலிருந்து ஒரு வண்டியும் அவளை நெருங்கிவிடாதபடி சாலையை அடைத்துக்கொண்டே வந்தான்.

வெல்டிங் ஆள் இருந்தான். ஸ்டாண்டைக் கழற்றி, இரண்டு விரல் அகலம் வெட்டி எடுத்து, ஒட்டி, ராவி, மாட்டினான். பிரேக் பிடிக்குப் புதிது கிடைத்தது. மறுபடி நிறுத்தியபோது வண்டி இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து, டீக்கடை வாசலில் ஒரு தோளைச் சுவரில் கொடுத்து நிற்கிற ஆள் மாதிரி நின்றது.

மெக்கானிக் பெருமையாகக் கையைத் துடைத்தான். "இப்ப ஓகேவா மேடம்?"

"இரு" என்றாள் பினிங். இடப்பக்கம் போய் நின்றாள். இடுப்பால் ஓங்கி ஓர் இடி இடித்தாள். வண்டி அசையவில்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி வந்து, வேகம் கூட்டி இன்னொன்று இடித்தாள். மெக்கானிக் ஓடி வந்தான்.

"நனாங், போதும்!"

"எனக்குத் தெரிய வேணாமா?"

அர்லீன் வலப்பக்கம் போய்க் காலை அகட்டி நின்று பிடித்துக்கொண்டாள். பின்னால் டெல்ஃபின். அம்மா கால் போட்டாள். பாதி வழியில் நின்றாள், மூச்சு வாங்கினாள், மீதியும் போட்டாள். ஏறிவிட்டாள். இரண்டு கைப்பிடியையும் பற்றிக்கொண்டு, முன்கண்ணாடி வழியாகப் பட்டறைச் சுவரையும் அதற்கப்பால் இறங்கிக்கொண்டிருந்த பனிமூட்டத்தையும் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றாள் அர்லீன்.

"சாவி குடு."

"உனக்கு ஓட்டத் தெரியாது நனாங்."

"ஹாரன் அடிக்கத் தெரியும்."

அர்லீன் சாவியைத் திருப்பிவிட்டாள். அம்மா கட்டைவிரலால் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினாள். இண்டிகேட்டர் கண்ணடித்தது, விளக்கு மின்னியது. கடைசியில் சரியானது கிடைத்துவிட்டது. பட்டறையே அதிர்ந்தது. வெல்டிங் ஆள் ராவிக்கொண்டிருந்த அரத்தைக் கீழே போட்டான். தெருவில் ஆள் ஏற்றிப்போன ஜீப்னி ஒன்று பதறிப்போய் ஒதுங்கியது.

பினிங் விரலை எடுக்கவில்லை.