அவரவர் சாமான்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஜெயராணி, சேலையைக்கூட மாற்றாமல் மூன்றாவது அறைக்குள் போனாள். நாத்தனார் மரிய புஷ்பம் திருமானூரிலிருந்து காலையிலேயே போன் செய்திருந்தாள். "அண்ணி, என் சீர்ப் பாத்திரமெல்லாம் கறுத்துப் போயிருக்கும். புளி போட்டு ஒருவாட்டி தேச்சு வச்சிடுங்க." அண்டாவைத் தூக்க ஜெயராணி அடியில் கையை விட்டாள். அங்கே இருந்த தேள் கட்டைவிரலில் கொட்டியது.

தோள்பட்டை வரைக்கும் வலி ஏறியது. கணவன் செபஸ்டின் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுக் கூட்டிவந்தான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை அவளுக்கு. இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தாள். தேளை அடிக்க அண்டாவை வெளியே இழுத்துப் போட்டதைச் செபஸ்டின் தங்கையிடம் போனில் சொல்லியிருந்தான்.

மூன்றாம் நாள் புஷ்பம் மறுபடியும் கூப்பிட்டாள். "அண்ணி, அண்டாவை வெளிய எடுத்தவங்க உள்ள வச்சிட்டீங்களா? எவனாவது தூக்கிட்டுப் போயிடப் போறான்."

கையைப் பற்றி அவள் கேட்கவில்லை. ஜெயராணி வீங்கிய விரலைப் பார்த்தபடி, "வைக்கிறேன் புஷ்பம். வைக்க வேண்டிய எடத்துல வைக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமம் அது. மாமனார் சவரியார் கட்டிய மூன்று அறை வீடு. மாமியார் முன்பே போய்விட்டாள்; அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது. அந்த மூன்றாவது அறைக்கு 'சாமான் ரூம்' என்று பெயர். புஷ்பத்தின் பாத்திரங்கள், அவள் புது பீரோ வாங்கியதும் இங்கே அனுப்பிய பழைய பீரோ, அவள் பிள்ளைகளின் தொட்டில். கொழுந்தன் லியோ பிரபு பெரம்பலூரில் வீடு கட்டிக் குடிபோனபோது விட்டுச்சென்ற உடற்பயிற்சி சைக்கிள், செத்துப்போன இன்வெர்ட்டர், பரீட்சைக்குப் படித்த புத்தகம் ஐந்து மூட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் சவரியாரின் சாய்வு நாற்காலி. எதைத் தொட்டாலும் யாராவது ஒருவருக்கு ஞாபகம் என்பார்கள். திருச்சியில் நர்சிங் படிக்கும் ஜெயராணியின் மகள் லீவுக்கு வந்தால் அடுப்படியில் பாய் விரித்துப் படுப்பாள்.

சனிக்கிழமை காலை செபஸ்டின் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஜெயராணி சொன்னாள். "ஏங்க, டிரைவர் பஞ்சநாதனை குட்டியானை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். சாமான் ரூமைக் காலி பண்ணப்போறேன்."

"பழைய இரும்புக்கா?"

"நான் ஏன் அடுத்தவங்க பொருளை விக்கிறேன்? அவங்கவங்க வூட்டுலயே எறக்கிடுவேன்."

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தான். "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? கூடப் பொறந்தவங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"நீங்க வர வேணாம். நான் போய் முழிச்சுக்கிறேன்."

வண்டி வந்தது. பஞ்சநாதனும் அவளும் சேர்ந்து ஏற்றினார்கள். கட்டைவிரலை மடக்க முடியாததால் அவள் முழங்கையால் அணைத்துத் தூக்கினாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்ற செபஸ்டின், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வாசலில் நின்று திரும்பி, கடைசி மூலையிலிருந்து அவள் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினான். "இதையும் ஏத்திடு. துருப்புடிச்சுக் கெடக்கு."

அவை மூன்று கோப்பைகள். பள்ளியில் படிக்கும்போது பூப்பந்தில் மாவட்ட அளவில் ஜெயித்தவை. கல்யாணமாகி வந்த வாரம் மாமியார், 'இதை எங்க வைக்கிறது' என்று பின்னால் தள்ளிவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக அங்கேயே கிடந்தன. ஒன்றில் ஆணியும் பழைய சாவிகளும் இருந்தன.

"இது என் சாமான். என் வூட்டுல இருக்கும்" என்றாள் ஜெயராணி. ஆணியைக் கொட்டிவிட்டுக் கோப்பைகளை அடுப்படி மேடையில் வைத்தாள்.

திருமானூரில் புஷ்பம் வண்டியைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடி வந்தாள். "என்னாண்ணி இது? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தேள் சொல்லிட்டா கொட்டுச்சு?"

"எங்கப்பா வூடு அண்ணி அது. எனக்கும் பங்கு இருக்கு."

"இருக்கு, யாரு இல்லன்னா? பத்திரத்தை எடுத்துட்டு வந்து ஒக்காரு, பேசலாம். அது வரைக்கும் அங்க குடியிருக்கிறவ நான்."

புஷ்பம் அழ ஆரம்பித்தாள். அம்மா தன் கையால் வாங்கிக் கொடுத்த பாத்திரம் என்றாள். ஜெயராணிக்கு மனசு இளகியது. அண்டாவை அவளே இறக்கி, முந்தின நாள் மற்றக் கையால் புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்திருந்த பக்கத்தை வெளியே தெரியும்படி வைத்தாள். "ஆசையான பொருள்னா கண்ணு முன்னாடி வச்சுக்க புஷ்பம். நான் தேச்சுத் தேச்சு, நீ ஆசைப்படக் கூடாது" என்று சொல்லி, வண்டியில் ஏறிவிட்டாள்.

அரியலூர் தாண்டும்வரை சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மத்தியானம் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தார்கள். லியோ பிரபு புது டைல்ஸ் பதித்த போர்டிகோவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். புஷ்பம் போன் செய்திருப்பாள்.

"இதையெல்லாம் இங்க வச்சா வீடு வீடாவா இருக்கும் அண்ணி?"

"அதான் தம்பி, என் வூடும் வூடா இல்ல."

மூட்டைகள் இறங்கின. சைக்கிள் இறங்கியது. சாய்வு நாற்காலியைப் பார்த்ததும் அவன் குரல் மாறியது. "அப்பா உக்காந்த நாற்காலி. அது அந்த வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது."

ஜெயராணி அவனையே பார்த்தாள். "கடைசி ரெண்டு வருசம் அவரால அதுல ஒக்கார முடியல. கட்டில்லயே ஒடம்பு தொடச்சு, சோறு ஊட்டினது நான். எனக்கு அவரை நெனைக்க நாற்காலி வேணாம் தம்பி. ஒங்களுக்கு வேணும். வச்சுக்குங்க."

பஞ்சநாதன் நாற்காலியைத் தூக்கிப் போர்டிகோவின் ஓரத்தில் வைத்தான். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி இருவரும் டீ குடித்தார்கள்.

செபஸ்டின் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அதற்குள் சைக்கிளை லியோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகவும், நாற்காலி மொட்டை மாடிக்குப் போய்விட்டதாகவும் சேதி வந்தது. அதை அவள் கணவனிடம் சொல்லிக் காட்டவில்லை. அவனுக்கும் தெரிந்திருந்தது. அடைக்கல மாதா திருவிழாவுக்கு வந்த புஷ்பம், எப்போதும்போல் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் தேர் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறினாள். ஜெயராணி அவளுக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் போன் செய்து மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

அறைக்கு அவளே வெள்ளையடித்தாள். ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட்டாள். மத்தியானம் பள்ளியிலிருந்து வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா படுத்திருப்பாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் செபஸ்டின் டிராக்டரில் எட்டு உர மூட்டை கொண்டுவந்து இறக்கினான். வானம் கறுத்திருந்தது. அறை வாசலில் வந்து நின்றான். "ரெண்டு நாளைக்குத்தான். இங்க ஓரமா அடுக்கிக்கிறேன்."

"கொட்டாயில எடம் இருக்கு" என்றாள், படுத்தபடியே.

"மழை வருதுடி."

"தார்ப்பாய் போட்டு மூடுங்க."

"சும்மாதானே கெடக்கு ரூமு?"

"சும்மா கெடக்கலிங்க. நான் கெடக்கேன்."

அவன் வாசலை விட்டுத் திரும்பினான். பிறகு கொட்டாய் பக்கம் மூட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது. தூறல் விழுந்தது. தார்ப்பாய் காற்றில் படபடத்தது; ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் பறந்து அவனை அலைக்கழித்தது. ஜெயராணி எழுந்து கொண்டையை முடிந்துகொண்டு, அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மறுமுனையைப் பிடிக்கப் போனாள்.